கத்தியின் கூர் காக்கும் ஹினோக்கிப் பலகை

ஜப்பானின் நாகனோ மாநிலத்தில், கிசோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிறிய மரச்சாமான் கடையில் வாங்கிய ஹினோக்கிப் பலகையில்தான் இப்போது எங்கள் வீட்டில் காய்கறி நறுக்குகிறோம். ஒட்டுப்போடாத ஒரே மரத்துண்டு. மூன்று சென்டிமீட்டர் கனம். மேற்பரப்பில் ஒரு கணுகூட இல்லை. பிளாஸ்டிக் பலகையைப் போலப் பல மடங்கு விலை என்றாலும், கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்பதே என் முடிவு. ஆனால் எல்லாச் சமையலறைக்கும் இது ஒத்துவராது.

ஹினோக்கி, சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பசுமை மாறா ஊசியிலை மரம். தோட்டக்காடுகளில் நட்ட கன்று வெட்டுக்கு வர ஐம்பது, அறுபது ஆண்டுகளாவது ஆகும் என்பதால், நட்டவரின் பேரப்பிள்ளைகளே பெரும்பாலும் அதன் பயனைக் காண்கிறார்கள். கிசோவின் இயற்கைக் காட்டுக்கோ வேறொரு வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைகளும் நகரங்களும் கட்டுவதற்காக அந்த மலைகள் ஏறக்குறைய மொட்டையடிக்கப்பட்டன. அதன்பின், அப்போது கிசோவை ஆண்டுவந்த ஓவாரி ஆட்சியாளர்கள் 1665 முதல் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார்கள். ‘ஒரு மரத்துக்கு ஒரு தலை’ என்று மக்கள் சொல்லும் அளவுக்குத் தண்டனை இருந்தது. அந்தக் காலத்தில் முளைத்துத் தப்பிய மரங்கள்தான் அகெமட்சு ஊரின் அகாசாவா காட்டில் முந்நூறு ஆண்டு வயதுடன் இன்றும் நிற்கின்றன. என் பலகை அந்த முதுமரங்களிலிருந்து வந்ததன்று, நட்டு வளர்த்த மரம்தான் என்று கடைக்காரரே சொன்னார். கிசோ என்ற பெயரைப் பார்த்ததும் அதையும் முந்நூறு ஆண்டு மரம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

மெதுவாக வளர்ந்த மரம் என்பதைப் பலகையின் வெட்டுமுகமே காட்டுகிறது. ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குள் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. பொதுவாக ஊசியிலை மரங்களில் வசந்தத்தில் வளரும் பகுதி மென்மையாகவும், கோடையின் முடிவில் வளரும் பகுதி கடினமாகவும் இருக்கும். ஹினோக்கியில் அந்தக் கடினப் பகுதி மிக மெல்லிய கோடாகவே அமைவதால், கத்தி எங்கே இறங்கினாலும் ஒரே சீரான பிடிமானம் கிடைக்கிறது. எடையிலும் இது நீரில் பாதியளவுகூட இல்லாத, தேக்கைவிட மிகவும் மென்மையான மரம். வெங்காயத்தைப் பொடியாக அரியும்போது கத்தி துள்ளாமல், சறுக்காமல், ஒவ்வொரு வெட்டிலும் மயிரிழை அளவு மரத்தில் பதிந்து எழுகிறது. அதனால் அதன் கூர் நெடுநாள் நிற்கிறது. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் மணம் தொடக்கத்தில் தூக்கலாகவே இருக்கும். அப்போது அதன்மேல் நறுக்கிய ஆப்பிளிலும் ரொட்டியிலும் அது ஏறிவிடும். போகப் போகத் தணிந்து, நனைக்கும்போது மட்டும் எழுகிறது. ஹினோக்கிட்டியோல் என்ற கிருமியெதிர்ப்புப் பொருள் நிறைந்தது என்று சில விற்பனையாளர்கள் விளம்பரம் செய்வதை அப்படியே நம்ப வேண்டாம். 1936இல் வேதியியலாளர் நோசோயே டெட்சுவோ அதைப் பிரித்தெடுத்தது தைவான் ஹினோக்கி எண்ணெயிலிருந்து. ஜப்பானிய ஹினோக்கியில் அது மிகச் சொற்பம். பலகையின் தூய்மை நாம் கழுவிக் காயவைப்பதைப் பொறுத்தது.

நம் சமையலுக்கு இதில் சில இடைஞ்சல்கள் உண்டு. பச்சை மஞ்சளின் கறை எளிதில் போகாது. வாழைக்காய்ப் பால் கறுப்பாகப் படிந்துவிடும். தேங்காய் உடைக்கவோ எலும்புக்கறி வெட்டவோ இந்த மரம் தாங்காது. அந்த வேலைகளுக்கு வேறு பலகை வைத்துக்கொள்வதே முறை. நறுக்கத் தொடங்கும் முன் பலகையை நனைத்துத் துடைத்தால், மரம் நீரை உறிஞ்சியிருப்பதால் காயின் சாறும் மணமும் உள்ளே இறங்குவது குறையும். மீன் வெட்டினால் முதலில் குளிர்ந்த நீரிலேயே கழுவ வேண்டும். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் புரதம் உறைந்து மரத்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். கழுவியபின் மர இழை மேலும் கீழுமாக ஓடும்படி நிமிர்த்தி, நிழலில், காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் வளையும், வெடிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுகிறவர்கள் இதை வாங்காமலிருப்பதே நல்லது.

வாங்கும்போது வெட்டுமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும் பலகை வளைவது குறைவு. வில்போல வளைந்த கோடுகள் உள்ளது மலிவு, ஆனால் ஈரத்தில் முதுகு வளையும் வாய்ப்பு அதிகம். மேற்பரப்பில் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் தவிர்த்துவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த கனமும் வேண்டாம், ஏனெனில் கீறலும் கறையும் மிகுந்தபின் மேல்தோலை இழைத்துப் புதிதாக்கிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். ஜப்பானில் பல கடைகள் கட்டணம் பெற்று இதைச் செய்து தருகின்றன. ஊருக்கு எடுத்துச் செல்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இழைப்புளி வைத்திருக்கும் எந்தத் தச்சரும் இந்த மென்மரத்தைச் சிறிது நேரத்தில் சீர்செய்துவிடுவார்.