லென்ஸில் கோளாறு, ஷட்டருக்கு பில்: கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

படமெடுக்கப் போன இடத்தில் கேமரா திடீரென்று நின்றுவிட்டால், பதற்றத்தில் கண்ணில் பட்ட முதல் கடையில் ஒப்படைத்துவிடாதீர்கள். கோளாறு கேமராவின் உடலான பாடியிலா, அதில் மாட்டும் லென்ஸிலா என்று அங்கேயே சோதித்துவிட்டு, அதைக் கடைக்காரர் கையால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கொடுங்கள். அப்படிக் கொடுத்த என்னையே ஏமாற்றப் பார்த்தார்கள். எழுதி வாங்கியிராவிட்டால் மொத்தப் பணமும் போயிருக்கும்.

ஏரிக்கரையில் பறவைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். நாரை ஒன்று எழும்பும் நேரம் பார்த்து அழுத்தினேன். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் பாதி ஓசையோடு நின்றுவிட்டது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு சரியில்லை, தொடர்புமுனைகளைத் துடைக்கவும் என்று திரையில் செய்தி வந்தது. கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். லென்ஸைக் கழற்றி, அடியில் இருக்கும் பொன்னிற முனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தேன். மறுபடியும் அதே செய்தி.

பையில் இருந்த 50 மி.மீ. லென்ஸை மாட்டிப் பார்த்தேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் வரிசையாகப் படங்கள் விழுந்தன. ஆகவே பாடியில் குறை இல்லை. திரும்பவும் பழைய ஜூம் லென்ஸை மாட்டி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எஃப் 5.6-இல் வைத்து எடுத்தேன்; படம் வந்தது. துளையை எஃப் 8-க்குச் சுருக்கி எடுத்ததும் பிழைச் செய்தி. இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என்னுடையதைப் போன்ற, லென்ஸைக் கழற்றி மாட்டும் பல கேமராக்களில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துளையைச் சுருக்கும் லென்ஸின் இதழ்கள் முழுக்கத் திறந்தே இருக்கும். படம் பதிவாகும் கணத்தில்தான் நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். முழுத் திறப்பில் எடுத்தால் அவை அசையவே தேவையில்லை. அப்போது மட்டும் படம் வருகிறது என்றால், இதழ்களை இயக்கும் பகுதியிலோ அதற்குப் போகும் மெல்லிய ரிப்பன் கேபிளிலோதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஜூம் லென்ஸ்களில் அந்தக் கேபிள் ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் வளைந்து வளைந்து நாளடைவில் விரிசல் விடும். அன்றைய மிச்ச நேரம் முழுவதும் எஃப் 5.6-இலேயே எடுத்து முடித்தேன். அதற்காகவாவது இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கடையில் இவ்வளவையும் சொன்னேன். "பாடியும் வேண்டும் சார், மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்கள். நியாயமான பேச்சு. மெமரி கார்டை எடுத்துக்கொண்டேன். சோதிக்கத் தேவை என்று பேட்டரியை வைத்துக்கொண்டார்கள். ரசீதில் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்களையும் எழுதச் சொன்னேன். "லென்ஸ், எஃப் 8-இல் பிழை, வேறு லென்ஸில் பாடி சரி" என்ற வரியையும் சேர்க்க வைத்தேன். எழுதியவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு ஒரு நாள் தொலைபேசி வந்தது. "ஷட்டர் போய்விட்டது சார், மாற்றியாகிவிட்டது." என்னிடம் கேட்கவில்லை, என்ன செலவாகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. கேட்ட தொகை லென்ஸ் விலையில் பாதியை நெருங்கியது. வேறு லென்ஸில் நன்றாக ஓடிய ஷட்டர் எப்படிப் போகும் என்றேன். "அது அப்போது சார், இங்கே வந்த பிறகு போயிருக்கும்." கழற்றிய பழைய ஷட்டரைக் கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். அடுத்தவர் பொருளிலிருந்து கழற்றிய பாகத்தை அவரைக் கேட்காமல் குப்பையில் போடும் உரிமையை யார் கொடுத்தது? பணம் கட்டினால்தான் கேமரா என்று நின்றார்கள். கட்டினேன், ஆனால் "ஷட்டர் மாற்றம்" என்று பில்லில் தனியாக எழுத வைத்துத்தான் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து கேமராவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தட்டின் திருகுகளில் ஒரு கீறல்கூட இல்லை. ஷட்டரை மாற்ற வேண்டுமானால் வெளிமூடிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாகங்களைப் பிரித்தெடுக்காமல் முடியாது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் உள்ளே இருந்த திருகுகளைக் காட்டினார்: தொழிற்சாலையில் திருகு தளராமல் இருக்க வைக்கும் வண்ணப் பூச்சு உடையாமல் அப்படியே இருந்தது. பாடியை யாரும் பிரித்ததே இல்லை. லென்ஸில் மட்டும் அப்பர்ச்சர் கேபிள் மாற்றப்பட்டிருந்தது. செய்த வேலை அது ஒன்றுதான். அதை எழுத்தில் தரும்படி கேட்டேன், தந்தார்கள்.

அந்த அறிக்கையையும் முதல் ரசீதையும் பில்லையும் கடை மேஜைமேல் வைத்தேன். பேச்சு நீண்டது, குரல்கள் உயர்ந்தன, கடைசியில் ஷட்டருக்கான தொகை திரும்பி வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

இப்படி ஏமாறுவதைவிட நாமே திறந்து பார்த்துவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம். உள்ளமைந்த ஃபிளாஷ் உள்ள கேமராக்களில் ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது. கை பட்டால் பலமாக அதிரும்.

பேட்டரி விஷயம் இன்னும் தீரவில்லை. வந்த அன்றே கேமராவை இயக்கியபோது, இந்த பேட்டரியுடன் தொடர்புகொள்ள முடியவில்லை, தொடரலாமா என்று திரை கேட்டது. முன்பு மீதமுள்ள சதவீதத்தைக் காட்டிய மெனு பக்கம் வெறுமையாக இருந்தது. கழற்றிப் பார்த்தால், நான் கொடுத்த நிறுவன பேட்டரி அல்ல. அதே வடிவில் யாரோ செய்த மலிவான மாற்று. கடையில் கேட்டதற்கு, "பேட்டரி 1 என்றுதானே எழுதியிருக்கிறது, ஒன்று கொடுத்தோமே" என்கிறார்கள். பாடிக்கும் லென்ஸுக்கும் எண் எழுதியவர் பேட்டரிக்கு எண்ணிக்கையை மட்டும் எழுதியது எதற்காக என்று இப்போது புரிகிறது. நீங்கள் கொடுக்கும்போது பேட்டரியின் நிறுவனப் பெயர், மாடல், மேலே அச்சிட்டிருக்கும் குறியீடு எல்லாவற்றையும் எழுத வையுங்கள். கேமராவுக்குள் இருக்கும் நிலையில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடி, கழுத்துப்பட்டை, சார்ஜர் எதையும் கூடக் கொடுக்காதீர்கள்.

என் பேட்டரியைக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை.