மாலைப் பசிக்கு பர்கர் பெட்டியா, சுண்டல் கிண்ணமா?

பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் டியூஷன் முடிந்து ஆறரை மணிக்குப் பசியோடு வரும்போது என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, கைப்பேசிச் செயலியில் வரவழைக்கும் பர்கர், ஃபிரெஞ்சு ஃப்ரைஸ், கோலா அடங்கிய பெட்டி. மற்றது கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும், பிறகு எட்டரை மணிக்குத் தோசையும். இரண்டையும் சில மாதங்கள் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது சுண்டலின் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறேன்.

விலை, உப்பு, எண்ணெய் ஆகியவற்றில் எது மேல் என்று விவாதிக்க வேண்டியதில்லை. அஜினோமோட்டோதான் மூளையைக் கெடுக்கிறது என்ற பேச்சையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோலாவில் உள்ள காஃபீன் அதைவிடக் கவனிக்கத்தக்கது. பெரியவர்களுக்கே அதில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரமாகும் என்பதால், மாலையில் குடித்த கோலா படுக்கைவரை கூடவே வரும், தூக்கம் குறைந்த பிள்ளை காலையில் எரிந்துவிழும்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் உண்ணும் வேகம்தான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். பரிமாறியவற்றில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். சுவையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்றே உண்டவர்கள் மதிப்பிட்டார்கள். இருந்தும் பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாக உண்டார்கள், நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் உண்டார்கள். போதும் என்ற உணர்வு மூளைக்கு எட்டச் சற்று நேரம் பிடிக்கும்; மெல்ல வேலையில்லாத உணவு அந்த நேரத்தைத் தருவதில்லை.

வீட்டில் நான் பார்த்ததும் ஏறத்தாழ இதையே. ஒரு கை கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்க, மறு கை ஃப்ரைஸை எடுத்துக்கொண்டிருக்கும். பெட்டி காலியானதே அவளுக்குத் தெரியாது, அடுத்த அரை மணியில் குளிர்பெட்டியைத் திறந்து நிற்பாள், ஏதாவது கேட்டால் சுள்ளென்று பதில் வரும். கடலையை அப்படி விழுங்க முடியாது. தோலை மெல்ல வேண்டும், இடையில் தேங்காய்ப் பல்லும் மாங்காய்த் துண்டும் அகப்படும், அந்த இடைவெளியில் டியூஷனில் நடந்தது தானாக வெளியே வரும். 2010இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துரித உணவுக் கடைகளின் சின்னங்களைக் கண் உணராத கணநேரம் காட்டியபோதே மாணவர்கள் அவசரமின்றியும் வேகமாகப் படித்ததாக எழுதினார்கள். சிறிய ஆய்வுதான், அதன் மீது பெரிய கட்டடம் எழுப்ப மாட்டேன்.

மனநிலை பற்றியும் நிதானமாகவே பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் உணவுமுறையைத் திருத்திக்கொண்ட பிரிவில் 32 விழுக்காட்டினர் 12 வாரங்களில் அந்நிலையிலிருந்து மீண்டனர். மற்றப் பிரிவில் 8 விழுக்காட்டினரே மீண்டனர். அவர்கள் சிகிச்சைக்கு உரியவர்கள், என் மகள் தேர்வுக்குப் படிக்கும் சாதாரணப் பிள்ளை. அவள் சிடுசிடுப்பு குறைந்ததில் சுண்டலுக்கு எவ்வளவு பங்கு, அரையாண்டுத் தேர்வு முடிந்ததற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மேலும், வேகம்தான் அளவுகோல் என்றால் வீட்டு ரவை உப்புமாவும் அதில் தேறாது. தெருமுனைத் தள்ளுவண்டி முட்டை ஃப்ரைடு ரைஸை ஆலை உணவோடு சேர்ப்பதும் நியாயமன்று.

பெட்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அதற்கு முன்யோசனை தேவையில்லை. சுண்டலுக்கோ இரவே கடலையை ஊறப்போட வேண்டும். மறந்தால் மறுநாள் மாலை கை தானாகச் செயலிக்குத்தான் போகும். அதனால் ஊறவைக்கத் தேவையில்லாத வறுத்த வேர்க்கடலையும் கெட்டி அவலும் எப்போதும் டப்பாவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மட்டும் பர்கர் உண்டு. தட்டில் வைத்து, கைப்பேசியை வேறு அறையில் விட்டுவிட்டு, கோலாவுக்குப் பதில் மோரோடு.