502 00-ஆ, 504 00-ஆ? கடற்கரை ஊரில் ஒரு டர்போ கார், நான்கு கோடை

ஆயில் கடையில் நின்று “5டபிள்யூ-30 கொடுங்க” என்று கேட்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். அதில் 5 குளிரிலும், 30 சூட்டிலும் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்களில் ஒன்று ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம்) வகுத்த ஏ5/பி5 வகையாக இருக்கலாம், மற்றது விடபிள்யூ (ஃபோக்ஸ்வேகன்) தன் எஞ்சின்களுக்கு வகுத்த 504 00 தரமாக இருக்கலாம். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நசுங்கும்போது ஆயிலில் மிச்சமிருக்கும் கெட்டித்தன்மைதான் எச்டிஎச்எஸ். ஏ5/பி5-க்கு அது 2.9-லிருந்து 3.5 வரை. 504 00-க்கு 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. பெரும்பாலும் 5டபிள்யூ-40-ஆகக் கிடைக்கும் இன்னொரு விடபிள்யூ தரமான 502 00-க்கும் அதே 3.5தான் குறைந்தபட்சம். “நம்ம வெயிலுக்கு 30 தாங்காது, 40 ஊத்துங்க” என்று கேரேஜில் சொல்வது அதனால் எல்லா 30-க்கும் பொருந்தாது. கேனின் முன்பக்க எண்ணைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கேயும் ‘அப்ரூவல்’ என்றிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்தது. ‘மீட்ஸ்’, ‘சூட்டபிள் ஃபார்’ என்றிருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-இன் 2.0 டிஎஸ்ஐ எஞ்சினை (ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் டர்போ பெட்ரோல் எஞ்சின்) வைத்து. முதல் இரண்டு கோடை 504 00 (5டபிள்யூ-30), அடுத்த இரண்டு 502 00 (5டபிள்யூ-40). ஓட்டும்போது வித்தியாசம் தெரியவில்லை. ஆயில் மாற்றிய அன்று எஞ்சின் சத்தம் மிருதுவாக இருப்பது இரண்டிலும் உண்டு. அது புது ஆயிலின் குணம், கிரேடின் குணம் அல்ல. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது: 40 ஊற்றிய பிறகு டாப்-அப் குறைந்தது. 1,000 கி.மீ-க்கு அரை லிட்டர் வரை குடிப்பதை மேனுவலே இயல்பு என்கிறது, ஆகவே ஆயில் கொஞ்சம் குறைந்ததும் பதற வேண்டாம்.

எங்கள் தேர்வு 502 00தான். ஆனால் காரணம் வெயில் இல்லை, அமிலம். எரிந்த பெட்ரோலிலிருந்து ஆயிலில் சேரும் அமிலத்தை முறிக்கும் இருப்பை டிபிஎன் என்பார்கள். 502 00 ஆயில்கள் பெரும்பாலும் சேரும் ஏ3/பி4 வகைக்கு அது குறைந்தது 10, 504 00 சேரும் சி3 வகைக்கு 6. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 பெட்ரோல் வந்து, அமிலத்துக்குக் காரணமான கந்தகம் 50 பிபிஎம்-லிருந்து 10-க்கு இறங்கியபின் 504 00-ம் இங்கே தாராளமாகப் போதும். தினமும் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் அதையே போடலாம். ஊருக்குள்ளேயே சுற்றும் காருக்குக் கூடுதல் இருப்பு கையில் இருப்பது நல்லது.

புதுச்சேரியில் ஸ்போர்ட்ஸ் காரின் ஆயிலைக் கெடுப்பது ஈசிஆர் வேகம் அல்ல. நெல்லித்தோப்பில் கிளம்பி, சிக்னல் சிக்னலாக நின்று, மிஷன் வீதியில் முடியும் இருபது நிமிடப் பயணம்தான். கூலன்ட் முள் சீக்கிரமே 90-இல் போய் நின்றுவிடும். ஆயில் அந்தச் சூட்டைத் தொட இன்னும் வெகுநேரம் ஆகும். டிஸ்ப்ளேயில் ஆயில் டெம்பரேச்சர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வண்டியை நிறுத்தும்போதும் அது 70-ஐ ஒட்டியே இருக்கலாம். நேரடி இன்ஜெக்‌ஷனில் சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோலில் கொஞ்சம் ரிங் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிவிடும், இல்லாவிட்டால் அங்கேயே தங்கும். பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் கொதிப்பதே 78 டிகிரியில்தான். டிப்ஸ்டிக்கை உருவி டிஷ்யூவில் ஒரு சொட்டு வையுங்கள். நடுக் கறையைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவி, முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடித்தால், ஆயில் நீர்த்துவிட்டது. அளவு குறையாமல் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி நுரை ஒட்டியிருக்கும். மூடியில் மட்டும் என்றால் அது ஈரம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை மரக்காணம் வரை போய்வந்தால் இந்த ஈரமும் பெட்ரோலும் பெரும்பாலும் வெளியேறிவிடும். கம்பெனி 15,000 கி.மீ அல்லது ஒரு வருடம் என்கிறது. ஊர் ஓட்டத்துக்கு 7,500 கி.மீ அல்லது ஆறு மாதம் என்று வையுங்கள். வருடத்தில் ஒரு மாற்றம் மழை ஓய்ந்த தையில் வரட்டும். மழைக்கு முன்பே மாற்றினால் புது ஆயில்தான் ஈரத்தை வாங்கும்.

0டபிள்யூ-40-க்குக் கூடுதல் காசு தேவையில்லை. முதல் எண் உறைபனிக் குளிருக்கானது, மார்கழி விடியலிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மேனுவலே கேட்டால் அது வேறு விஷயம். ‘ரேஸ் ஆயில்’ என்று 10டபிள்யூ-60 தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். இந்த எஞ்சினின் ஆயில் பம்ப் இரண்டு அழுத்த நிலைகளில் ஓடுவது. பிஸ்டனைக் குளிர்விக்கும் ஜெட்டும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டரும் ஆயில் அழுத்தத்தை நம்பியவை. அவ்வளவு கெட்டியான ஆயில் அந்தக் கணக்கையே குலைக்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டினாலும் கிரேடை மாற்றாமல், திரும்பியதும் ஆயிலை மாற்றிவிடுங்கள். எதிர்ப்பக்கம், மெல்லிய ஆயிலுக்கான விடபிள்யூ தரம் 508 00. பச்சை நிறச் சாயம் போட்ட 0டபிள்யூ-20, மேனுவலில் அந்த எண் உள்ள எஞ்சினுக்கு மட்டும்.

கேனில் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் ஏபிஐ எஸ்பி என்ற முத்திரையும் இருந்தால் நல்லது. 1,500 ஆர்பிஎம்-இல் பெரிய கியரில் ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது வரும் முன்கூட்டிய எரிப்புக்கு அதில் சோதனை உண்டு. அப்படி அமுக்காமல் ஒரு கியர் இறக்குவது இன்னும் நல்லது.

மாற்றும்போது 5.7 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் மேலேயே இருக்கிறது. அதன் மூடியை முதலில் சில சுற்று தளர்த்தினால் உள்ளே நிற்கும் பழைய ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்புக்கு இறங்கும். பிறகு ஆயிலை வடிக்கும் ட்ரெயின் நட். கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் அடித்தட்டு ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை வழுக்கும், முந்தின நாளே துரு ஸ்ப்ரே அடித்து வையுங்கள். இரும்பு நட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர், ஃபில்டர் மூடிக்கு 25. வாஷரோடு வரும் நட்டை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள், பழையதை இறுக்கிச் சமாளித்தால் மரை போகும். முதலில் 5 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சமதரையில் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரைக்கும்.

காலி கேனை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடாமல் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுங்கள். டூப்ளிகேட் ஆயில் அந்தக் கேனில்தான் திரும்பி வருகிறது. பழைய ஆயில் சேகரிப்பவரிடம் போகட்டும். கால்வாயில் ஊற்றினால் அது நேரே கடலுக்குத்தான்.