அளவைக் குறைப்பதா, உணவை எளிமையாக்குவதா?

ஐம்பதை நெருங்குகிறவர்களில் பலர், உடல் எரிக்கும் ஆற்றல் வயதால் சுருங்கிவிட்டதென்று நம்பி உண்ணும் அளவைக் குறைக்கிறார்கள். ஆனால் 2021-இல் வெளியான விரிவான ஆய்வொன்று, உடலின் பருமனையும் அதிலுள்ள தசை, கொழுப்பின் அளவையும் கணக்கில் கொண்டால் அந்த ஆற்றல் செலவு 20 முதல் 60 வயது வரை ஏறத்தாழ மாறுவதில்லை என்று காட்டியது. உண்மையில் குறைவது தசை. முப்பதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை அது கரையக்கூடும் என்பதால், புரதத்தையும் சேர்த்துக் குறைக்கும் அரைவயிற்று உணவு அந்த இழப்பை விரைவுபடுத்தவே செய்யும்.

உணவை எளிமையாக்குவதென்பது பொரித்ததையும் இனிப்பையும் விலக்கி, பருப்பு, காய்கறி, முழுதானியம் என்று சிலவற்றோடு நிற்பது. சலிப்புத் தட்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் எதை உண்பது என்ற அன்றாடப் பேரத்திலிருந்து விடுபட்ட மனம், பாதியில் விட்ட வேலையைத் தொடரவும் பிறருக்குக் கற்பிக்கவும் இடம் பெறுகிறது. பசித்திருப்பவருக்கோ நாள் முழுதும் உணவே நினைவு. என் தேர்வு உணவை எளிமையாக்குவதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.