குடல் கழுவுகிறவள் பார்வையில் ஒரு பச்சைக் கையுறை

பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் ஒரு கறிக்கடையில் குடல், தலை, கால் சுத்தம் செய்வது என் வேலை. முழங்கை வரை வரும் இந்த நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறையை அந்த வேலைக்காகவே வாங்கினேன். பாத்திரம் கழுவ எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

விலை 340 ரூபாய். கொழுப்புக்கு அசையவில்லை என்பதே இதன் பெருமை. சாதாரண ரப்பர் என்றால் ஆட்டுக் கொழுப்பு பட்டுப் பட்டு ஊறிப் பிசுபிசுத்துவிடும். விரல்களில் சொரசொரப்பு இருப்பதால் வழுக்கும் குடலைப் பிடித்துப் புரட்ட முடிகிறது. ஈரலிலிருந்து பித்தப்பையை எடுக்கத்தான் ஆகவில்லை. தடிமனான விரலுக்குள் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. பித்தம் உடைந்து கசந்த ஈரலை யார் வாங்குவார்கள்? அதற்கு மருத்துவமனையில் போடும் மெல்லிய கையுறையே சரி.

அட்டையில் "எல்லாப் புழுத் தொற்றிலிருந்தும் முழுப் பாதுகாப்பு" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பச்சைக் கறிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கறி தொட்ட கை வாய்க்குப் போனால் அதுவும் கூடவே போகும். அங்கே கையுறை உதவும், கழற்றிய பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால். ஆனாலும் கர்ப்பிணிக்கு அது வந்தால் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கலாம் என்பதால், எங்கள் கடையில் மாசமாக இருக்கும் பெண்ணைக் கல்லாவுக்கு மாற்றச் சொன்னேன். கடைக்கார பாய் மறுபேச்சில்லாமல் மாற்றிவிட்டார்.

நீர்க்கட்டி விஷயம் வேறு. சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளைத் தோல் போர்த்திய கட்டி இருக்கும். கத்தி முனை பட்டால் தெளிந்த தண்ணீர் பீச்சியடிக்கும். அதைத் தொடுவதாலோ தின்பதாலோ மனிதனுக்கு அந்த நோய் வராது. நாய் தின்றால்தான் வினை. உள்ளே இருப்பது நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள நாடாப்புழுவாக வளரும், முட்டை நாயின் மலத்தோடு வெளியே வரும், நாயின் ரோமத்திலும் ஒட்டும். அந்த முட்டை நம் வாய்க்குள் போனால் நம் ஈரலிலும் அதே கட்டி, பல வருடம் சத்தமில்லாமல் வளரும். கடைவாசலில் நாய்க்குக் கழிவை வீசிவிட்டு, அதைத் தடவிக்கொடுத்த கையால் பீடி பற்றவைக்கிறவனுக்கு எந்தக் கையுறை என்ன செய்யும்? கட்டி உள்ள உறுப்பைப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும், நாய்க்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அட்டையில் இதற்கு ஒரு வரி இடமில்லையாம்.

மற்றபடி வாங்கலாம். கட்டைவிரல் இடுக்கில்தான் முதலில் கிழிகிறது. அவ்வப்போது தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பாருங்கள். சிறிய கைக்கு 7-ஆம் எண் கேளுங்கள். 8-ஐத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்: விரல் நுனி மடங்கிக் கத்தியடியில் போய் நிற்கும்.