ஸ்டீயரிங் கேலிப்ரேஷன்: விண்டோஸா, ஜி ஹப்பா, கேமா?

லாஜிடெக் ஜி29 மாதிரி ஒரு ஸ்டீயரிங்கைக் கணினியில் மாட்டியதும், கேலிப்ரேஷனுக்கு, அதாவது சக்கரம், பெடலின் நிலையைக் கணினி சரியாகப் படிக்கும்படி அமைப்பதற்கு, மூன்று இடங்கள் கண்ணில் படும்: விண்டோஸோடு வரும் பழைய ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl, கேம் கன்ட்ரோலர் செட்டிங்ஸ்), கம்பெனி தரும் ஜி ஹப் மென்பொருள், அப்புறம் கேமின் செட்டிங்ஸ். மூன்றிலும் கை வைத்தால் ஒன்று திருத்தியதை இன்னொன்று மறுபடி திருத்தும். நேர் ரோட்டிலேயே கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ஜி29-ஐ விண்டோஸில் கேலிப்ரேட் செய்யவே வேண்டாம். மின்சாரமும் யூஎஸ்பியும் கிடைத்ததும் அது தானே இரண்டு பக்கமும் கடைசி வரை சுழன்று நடுவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கடலூரில் கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரம் கை சக்கரத்தில் இருந்தால் நடு தவறிவிடலாம். கையை எடுத்துவிட்டு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள், போதும். ஏற்கெனவே விண்டோஸில் ஏதாவது மாற்றியிருந்தால், அங்கேயே இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மோட்டார் இல்லாத, விலை குறைந்த 270 டிகிரி சக்கரங்களின் கதை வேறு. அவை தானே சுழன்று நடுவைத் தேடாது. அவற்றுக்கு விண்டோஸ் கேலிப்ரேஷன்தான் கை கொடுக்கும்.

ஆனால் ஜாய் டாட் சிபிஎல்லை ஒதுக்கிவிடாதீர்கள், பெடலைச் சோதிக்க அது அருமையான கருவி. ஜி29 பெடல்களுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது மிதிக்கும் அளவை உரசும் தொடர்பு மூலம் அளக்கும் பாகம். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ கடலோரமாக ஜன்னலைத் திறந்து வைத்து விளையாடுபவருக்கு உப்புக்காற்றும் தூசியும்தான் எதிரி. ஆக்சிலேட்டரை மெதுவாக, ஒரே சீராக மிதித்துக்கொண்டே, ஜாய் டாட் சிபிஎல்லில் பெடலின் அளவைக் காட்டும் பட்டையைப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஏறினால் நல்லது. நடுவில் துள்ளினாலோ, காலை எடுத்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தாலோ உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கலாம். அதை எந்தக் கேலிப்ரேஷனும் தீர்க்காது. பெடலைப் பிரித்து காண்டாக்ட் கிளீனர் (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடிப்பதுதான் வழி. டெட்ஸோனை (ஆரம்பச் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவை) கூட்டினால் ஓய்வு நிலையின் நடுக்கம் மட்டும் மறையும், பாதி மிதியில் வரும் துள்ளல் அப்படியே இருக்கும்.

சக்கரம் எவ்வளவு சுழல வேண்டும் என்பதை முடிவு செய்ய ஜி ஹப்தான் சரியான இடம். 900 டிகிரி வையுங்கள், சென்சிடிவிட்டியை 50-இலேயே விடுங்கள். அதை மாற்றினால் சக்கரம் நேர்கோட்டில் பதில் சொல்லாது. கேமுக்குக் கேம் தனி ப்ரொஃபைல் வைக்கலாம் என்பது இதன் பெரிய பலம். ஒரு கேமுக்காகச் சுழற்சியைக் குறைத்தால் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-இன் 900 கெடாது.

பிரேக்கை மட்டும் நான் கேமிடம் விடுவேன். ஜி29 பிரேக்கின் உள்ளே ரப்பர் கட்டை இருப்பதால் கடைசிப் பகுதியை மிதிக்க நல்ல அழுத்தம் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி பின்னால் நகருமே தவிர பிரேக் முழுதாக இறங்காது. எஃப்1 கேம்களில் பிரேக் சாச்சுரேஷன் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். உங்கள் காலுக்கு எட்டும் அழுத்தத்திலேயே 100 சதவீதம் வந்துவிடும். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோன் என்ற ரேஸிங் கேமில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் ஸ்டீயர் லாக் (சக்கரம் மொத்தம் சுழலும் டிகிரி) எண்ணும் ஜி ஹப்பில் வைத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 900, அங்கே 540 என்றால் திரையில் தெரியும் சக்கரமும் கையில் இருப்பதும் ஒரே அளவு திரும்பாது.