கும்பகோணத்தில் நடனப் பிள்ளைகளுக்கான ஸ்ட்ரெச்சிங் வகுப்பு: எப்படி இருக்கிறது?

பரதம் ஆடுகிற பிள்ளைகளுக்கென்று தனியாக ஸ்ட்ரெச்சிங் வகுப்பு என்று யார் சொன்னாலும், நான் முதலில் கேட்பது அங்கே பிள்ளையின் தொடை மேல் யாராவது ஏறி நிற்கிறார்களா என்றுதான். மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் மேடம் நடத்துகிற வகுப்பில் அது கிடையாது. பெயர்ப் பலகைகூட இல்லாத இடம். நான் இந்த ஊரில் நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகளை அழைத்துப் போய் நானும் கூடவே உட்கார்ந்து செய்கிறேன், அதனால் உள்ளே நடப்பதை விவரமாகவே சொல்ல முடியும்.

முதல் நாள் உடம்பை வளைக்கவே விடமாட்டார், அளப்பது மட்டும்தான். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, ஒரு முட்டியை மடக்கி, பாதத்தை மெதுவாக மற்ற காலின் பக்கம் சாய்த்துப் பார்க்கிறார். இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்பக்கமாகத் திரும்பும் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. முட்டிகளைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்கார்ந்து ஆடுகிற அரைமண்டிக்கு ஆதாரமே இதுதான். தொடை எலும்பின் தலையும் அது உட்கார்ந்திருக்கிற குழியும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம், அந்த எலும்பு வடிவத்தை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. இடுப்பு கொடுக்கிற அளவைத் தாண்டிப் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும், உள்ளங்காலின் வளைவும் உள்பக்கமாகச் சரிந்துவிடும். அரைமண்டியில் உட்காரும்போது முட்டி, காலின் இரண்டாவது விரலுக்கு நேராக வர வேண்டும், வரவில்லையென்றால் பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவா என்கிறார். ‘இன்னும் திருப்பு, இன்னும் உட்கார்’ என்று தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டே சொல்கிற எங்களைப் போன்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை வந்து இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து மூட்டுத் தளர்ச்சி. சுண்டு விரல் பின்னால் எவ்வளவு மடங்குகிறது, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முட்டியும் பின்பக்கமாக வளைகிறதா, கால் மடக்காமல் உள்ளங்கை தரையில் படுகிறதா என்று பார்த்து 9 மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போடுகிறார். பெய்ட்டன் அளவை என்று மருத்துவத்தில் இருப்பதுதான். என் வகுப்பிலேயே ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் அதிகம் வந்தது, ‘எப்படி வளைகிறாள் பாருங்கள்’ என்று எல்லோரும் மெச்சுகிற பெண். அவளுக்கு மேடம் ஸ்ட்ரெச்சிங்கைக் குறைத்து, தொடைக்கும் வயிற்றுக்கும் வலு கூட்டுகிற பயிற்சிகளைக் கொடுத்தார். ஏற்கெனவே தளர்ந்த மூட்டைத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும், அதை மேலும் இழுத்துக்கொண்டே போனால் சுளுக்கும் மூட்டு நழுவுவதும்தான் மிச்சம். இதை அவளுடைய அம்மாவுக்குப் புரிய வைக்க நேரமானது, ஆனாலும் மேடம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்.

வகுப்பு நடக்கிற முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் பத்து நிமிடம் நடை, மெதுவான ஓட்டம், கைகால் வீச்சு, இடுப்பைச் சுற்றுவது. லேசாக வியர்த்த பிறகுதான் அடுத்தது. ஆடுவதற்கு முன்னால் அசைந்துகொண்டே செய்கிற நீட்சி, ஆடி முடித்த பிறகு ஒரே நிலையில் நிறுத்திப் பிடிக்கிற நீட்சி என்று பிரித்து வைத்திருக்கிறார். மேடை ஏறும் முன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் வலு குறையும், அப்புறம் ‘குதித்து மெட்டு’ என்கிற அடவை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவை, ஆடும்போது காலில் அந்தத் துள்ளல் இருக்காது. முடிவில் பிடிப்பது 30 விநாடி, ஒவ்வொரு தசைக்கும் இரண்டு மூன்று முறை. நடுவில் எகிறி எகிறி ஆட்டக் கூடாது, திடீரென்று இழுத்தால் தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் இறுகும். தசையின் நடுப்பகுதியில் மந்தமான இழுப்பு வந்தால் சரி. சுருக்கென்று குத்தினாலோ, மூட்டுக்குள் வலித்தாலோ, மரமரவென்று மரத்தாலோ அந்த நொடியே விட வேண்டும். பிள்ளைகள் பயப்படாமல் ‘மேடம், குத்துது’ என்று சொல்கிற சூழல் அங்கே இருக்கிறது. நடன வகுப்பில் இதைச் சொல்ல நிறைய பிள்ளைகளுக்குத் தைரியம் வருவதில்லை.

கெண்டைக்காலுக்கு இரண்டு விதமாகச் செய்யச் சொல்கிறார், முட்டியை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று. மேல் தசைக்கு முதலாவது, அடியில் இருக்கிற தசைக்கு இரண்டாவது. அரைமண்டியில் குதிகால் கிளம்பாமல் இறங்க இந்த அடித்தசை இளக வேண்டும். முழுமண்டியில் முழுவதும் இறங்கி விரல்களின் மேல் உட்கார வேண்டியிருப்பதால் கால் விரல் மூட்டுகளுக்கும் தனியாக நேரம் ஒதுக்குகிறார். தவளை மாதிரி குப்புறப் படுக்க வைத்து இடுப்பை அமுக்குவதை மட்டும் யார் கேட்டாலும் செய்யமாட்டார். அந்த அமுக்கு தசையை விட இடுப்பு மூட்டையும் முட்டியின் உள்பக்கத்தையும்தான் தாக்குகிறது.

இந்த வகுப்பில் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது வளரும் வயதுப் பிள்ளைகளை அவர் நடத்துகிற விதம். பெண் பிள்ளைகள் திடுதிப்பென்று உயரமாகிற வயது பெரும்பாலும் 10 முதல் 13 வரை. எலும்பு முதலில் நீள்கிறது, தசை பின்னால்தான் வந்து சேர்கிறது, அதனால் நேற்று வரை குனிந்து தரையைத் தொட்ட பிள்ளைக்கு இன்று எட்டாது. நம் ஊரில் அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பதும் கிட்டத்தட்ட இதே வயதில்தான்! மண்டபம் பிடித்து, பட்டுப்புடவையில் உடை தைக்கக் கொடுத்து, பத்திரிகை அடிக்கிற நேரத்தில் பிள்ளையின் உடம்பு விறைக்கிறது. சோம்பேறித்தனம், போன் பார்க்கிறாள், மனசு இதில் இல்லை என்று வீட்டில் ஒரு பக்கம் திட்டு, வகுப்பில் ஒரு பக்கம் திட்டு. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலிக்கிறது என்று அவள் சொன்னால், தைலம் தேய்த்து மறுபடி மண்டி அடவு போடச் சொல்கிறோம். அந்த இடத்தில் தொடைத் தசையின் நாண் வளர்கிற எலும்பை இழுப்பதால் வருகிற வலி அது. இந்த மாதங்களில் நீட்சியை வலிந்து கூட்டாமல், முழுமண்டியையும் குதிப்பையும் குறைத்து, அபிநயத்திலும் தாளத்திலும் நேரத்தைச் செலவிடுங்கள் என்று மேடம் ஆசிரியர்களுக்கே எழுதிக் கொடுக்கிறார். அரங்கேற்றத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டால் எந்தக் குடியும் முழுகிவிடாது. பந்தநல்லூர், வழுவூர், திருவிடைமருதூர் என்று மூன்று பாணிகள் புறப்பட்ட மண் இது, இங்கே ஒரு பிள்ளை பதினான்கு வயதில் முட்டி வலியோடு சலங்கையைக் கழற்றி வைக்கிறாள் என்றால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளையும் அவர் தட்டிக் கழிப்பதில்லை. தஞ்சை பெரிய கோயிலில் கரணம் என்கிற பழைய நடன நிலைகளின் சிற்பங்கள் 81, சிதம்பரம் கோபுரத்தில் 108, இதெல்லாம் பார்த்த பிள்ளைக்கு லலாட திலகம் என்ற கரணத்தைப் போல நெற்றி வரைக்கும் காலைத் தூக்க ஆசை வரத்தானே செய்யும். மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு துண்டைக் கோத்து, முட்டி நீட்டிய காலை மெல்லத் தூக்குவதில் ஆரம்பிக்கிறார். பிறகு துண்டு இல்லாமல் சொந்த வலுவில் தூக்க வேண்டும். கையால் இழுத்தால் எட்டுகிற உயரத்துக்கும் தானாகத் தூக்கினால் எட்டுகிற உயரத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்தால்தான் அடுத்த கட்டம்.

இன்னொரு நல்ல விஷயம், மாசி மாதத்தில் நாட்டியாஞ்சலி என்கிற நடன விழாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அவர் தருகிற தயாரிப்பு. சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கிறது, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமும் அதே நாட்களில் மேடைகள் உண்டு. முன்னிரவில் வேஷம் கட்டி, முறை வருவதற்குள் நடுநிசி ஆகிவிடும், ஜில்லென்ற கல் தரையில் உட்கார்ந்த உடம்பு அப்படியே எழுந்து தட்டடவு தட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உடை கசங்காமல், நகை அசையாமல், நின்ற இடத்திலேயே உடம்பைச் சூடாக்கச் சில அசைவுகள் சொல்லித் தருகிறார்: குதிகால் ஏற்றி இறக்குவது, பாதி மண்டியில் ஏறி இறங்குவது, தோள் சுழற்றல். முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், மேலே ஒரு சால்வையோடு. என் மாணவிகள் இதைச் செய்துவிட்டு ஆடியபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. தரை டைல்ஸ், விரித்திருக்கிற பாய்கள் மெல்லியவை, முட்டி போடும்போது உறுத்துகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையும் நாற்பது வயது அம்மாவும் ஒரே குழுவில் இருப்பதால் பெரியவர்களுக்கு வேகம் போதவில்லை. மேடத்துக்கு அடவுகள் முழுதாகத் தெரியாது. நாட்டடவில் நீட்டுகிற காலுக்கு என்ன வேண்டும் என்று நான் ஆடிக் காட்டிய பிறகுதான் அதற்கேற்ற பயிற்சி அமைத்தார், ஆசிரியர் கூட வராத பிள்ளைகளுக்கு அந்த இணைப்பு கிடைக்காது. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் நேரமே இல்லை, கழுத்தசைவான அட்டமியும் கை முத்திரையும் மணிக்கணக்கில் செய்கிறவர்களுக்கு அதுவும் வேண்டும். வலுவூட்டும் பயிற்சி கடைசிப் பத்து நிமிடத்தில் அவசர அவசரமாக முடிகிறது.

வகுப்பு காலை ஆறரைக்கு. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் அந்த மாடியில் இருக்க முடியாது, அதனால் தாமதமாக வராதீர்கள். தடிமனான பாய், ஒரு நீளத் துண்டு, தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே முட்டியிலோ இடுப்பிலோ வலி இருக்கிற பிள்ளை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வார், அந்தச் சீட்டு இல்லாமல் பாயில் உட்கார வைக்கமாட்டார். மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் நாள் உங்கள் நடன ஆசிரியரையும் கையோடு அழைத்து வாருங்கள்.